யாருடைய நிலத்தில் யாருடைய காலனி? செவ்வாற்றங்கரைக் குடியேற்றத்தின் வரலாறு



காலனி என்ற சொல்லை நாம் அகராதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. பேருந்திலிருந்து இறங்கும்போது "ஊரா, காலனியா?" என்று கேட்டார்களே, அந்தக் கேள்வியில் தெரிந்துகொண்டோம். பள்ளிச் சான்றிதழிலும் ரேஷன் அட்டையிலும் தபால் உறையிலும் அந்தச் சொல் நம் சாதியைச் சொல்லாமல் சொன்னது. 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் ஒரு சொல் போகிறபோது அது எங்கிருந்து வந்தது, என்னென்ன வேலை செய்தது என்று கேட்டுவைப்பது நமக்கு நல்லது.

லத்தீன் மொழியில் 'கொலோனஸ்' என்றால் உழவர். உழவர்கள் போய்க் குடியேறிய இடம் 'கொலோனியா'. உழுகிறவரைக் குறித்த அந்தச் சொல், பல நூற்றாண்டுகள் கடந்து நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, உழுதும் நிலம் இல்லாதவர்களின் தெருவுக்குப் பெயராகிவிட்டது. இடையில் அது உலகம் முழுவதும் நிலத்தைப் பறிக்கும் கருவியாக இருந்தது. அப்படி ஒரு காலனி உருவான கதையைத்தான் இன்றைய நினைவுப் பேருரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இடம் கனடா. இன்று வின்னிபெக் நகரம் இருக்கிற செவ்வாற்றங்கரை. ஆங்கிலத்தில் ரெட் ரிவர். ஆண்டு 1812.

இவ்வளவு தூரத்துக் கதை நமக்கு எதற்கு என்ற கேள்வி எழும். இந்தக் கதையில் நிலத்தை இழந்தவர்கள் இரண்டு தரப்பாக இருக்கிறார்கள். ஒரு தரப்பை இழக்கவைத்தவர்கள், அவர்களைக் கொண்டே இன்னொரு தரப்பையும் இழக்கவைத்தார்கள். நிலம் கேட்டுப் போராடுகிற நாம் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது.

ரோமத்தின் ராஜ்ஜியம்

1670 மே 2ஆம் தேதி இங்கிலாந்தின் மன்னர் இரண்டாம் சார்லஸ் ஒரு பட்டயத்தில் கையெழுத்திட்டார். ஹட்சன் விரிகுடாவில் வந்து விழுகிற எல்லா ஆறுகளும் பாயும் நிலம் முழுவதும் ஹட்சன் பே கம்பெனிக்குச் சொந்தம் என்றது அந்தப் பட்டயம். மன்னர் அந்த நிலத்தைப் பார்த்ததில்லை. அங்கே எத்தனை ஆறுகள் ஓடுகின்றன என்பதும் அவருக்குத் தெரியாது. அங்கே கிரீ, அசினிபொய்ன், ஒஜிப்வே முதலிய மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. சென்னையில் கோட்டை கட்டி நம்மை ஆளவந்த கிழக்கிந்தியக் கம்பெனியும் இதே மாதிரியான அரச பட்டயத்தில் பிறந்ததுதான்.

கம்பெனிக்கு வேண்டியது பீவர் என்ற விலங்கின் ரோமம். ஐரோப்பாவின் கனவான்கள் அணிந்த தொப்பிகள் அதிலிருந்து செய்யப்பட்டன. இந்த வணிகத்துக்கு நிலம் உழப்படக் கூடாது. காடும் நீரும் வேட்டையாடும் மக்களும் அப்படியே இருக்க வேண்டும். ஆகவே ஒன்றரை நூற்றாண்டு வரை கம்பெனி உழவர்களை அங்கே குடியேற்றவில்லை.

இதற்கிடையில் மான்ட்ரியல் நகரத்து வணிகர்கள் நார்த் வெஸ்ட் கம்பெனி என்ற பெயரில் போட்டிக்கு வந்தார்கள். அவர்களுடைய படகோட்டிகள் பல ஆயிரம் கிலோமீட்டர் தூரம் படகு வலித்து வடமேற்கின் உட்பகுதிக்குப் போனார்கள். வழியில் சமைத்து உண்ண நேரமில்லை. அவர்களைத் தாங்கிய உணவு பெமிக்கன். காட்டெருமை இறைச்சியைக் கீறி, காயவைத்து, இடித்துப் பொடியாக்கி, உருக்கிய கொழுப்பும் சில வேளை காட்டுப் பழங்களும் சேர்த்துத் தோல் மூட்டையில் அடைத்துவைப்பார்கள். மாதக்கணக்கில் கெடாது. கொடியில் கறி காயவைத்துப் பஞ்ச காலத்தைக் கடந்த வீடுகளிலிருந்து வந்த நமக்கு அந்த உணவின் மதிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேட்டையாடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கீறியதும் காயவைத்ததும் இடித்ததும் பெண்கள். ரோம வணிகம் என்ற பெரிய கட்டடம் இந்தப் பெண்களின் உலக்கையின் மேல் நின்றது.

இந்தப் பெண்களிலும் வேட்டைக்காரர்களிலும் பலர் மேத்தி மக்கள். ஐரோப்பிய வணிகர்களுக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளின் வழிவந்து, தமக்கென மொழியும் பாட்டும் வாழ்முறையும் கொண்டு ஒரு தனி மக்களாக உருவானவர்கள். அவர்களுடைய காட்டெருமை வேட்டைக்களத்தின் நடுவில் ஓடியது செவ்வாறு.

பத்து ஷில்லிங் நிலம்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த செல்கர்க் பிரபு, தாமஸ் டக்ளஸ், 1771இல் பிறந்தவர். அவர் காலத்தில் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் நிலப்பிரபுக்கள் குடியானவர்களை வெளியேற்றிவிட்டு ஆடு வளர்த்தார்கள். ஆட்டு ரோமத்தில் லாபம் அதிகம். வெளியேற்றப்பட்டவர்களுக்கு வட அமெரிக்காவில் நிலம் தேடித் தருவது என்று செல்கர்க் முடிவு செய்தார். 1803இல் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலும், அடுத்த ஆண்டு மேல் கனடாவில் பால்டூன் என்ற இடத்திலும் குடியேற்றங்களைத் தொடங்கினார். 1805இல் இதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அவருடைய இரக்கம் போலியானது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நல்ல மனம் படைத்தவர் கையிலும் அதிகாரத்தின் பேனா எப்படி எழுதும் என்பதைப் பார்க்க வேண்டும்.

செல்கர்க்கும் அவருடைய மைத்துனர் ஆண்ட்ரூ வெடர்பர்னும் ஹட்சன் பே கம்பெனியின் பங்குகளை வாங்கினார்கள். கம்பெனிக்குள் செல்வாக்குப் பெற்றார்கள். 1811 ஜூன் மாதம் கம்பெனி செல்கர்க்குக்கு 1,16,000 சதுர மைல் நிலத்தை எழுதிக்கொடுத்தது. தமிழ்நாட்டின் பரப்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். பத்திரத்தில் போட்ட விலை 10 ஷில்லிங், அதாவது அரை பவுண்டு. பதிலுக்குச் செல்கர்க் ஆண்டுதோறும் 200 ஆட்களைக் கம்பெனி வேலைக்குத் திரட்டித் தர வேண்டும். கம்பெனியிலிருந்து ஓய்வு பெறுகிற ஊழியர்களுக்கும் அங்கே நிலம் ஒதுக்க வேண்டும். உழவர்கள் விளைவிப்பது கம்பெனியின் கோட்டைகளுக்கு மலிவான உணவாகும். போட்டிக் கம்பெனியின் உணவுப் பாதைக்கு நடுவில் ஒரு வேலியும் கிடைக்கும். இரக்கமும் கணக்கும் ஒரே பத்திரத்தில் ஏறின.

வெடர்பர்ன் குடும்பத்தின் பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களோடும் சர்க்கரை வணிகத்தோடும் பின்னியது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். ஆண்ட்ரூவின் தந்தை ஜேம்ஸ் வெடர்பர்னுக்கு ரோசன்னா என்ற அடிமைப் பெண்ணிடம் ஒரு மகன் பிறந்தான். பெயர் ராபர்ட் வெடர்பர்ன். அவர் லண்டனில் தையல் தொழிலாளியாக வாழ்ந்து, அடிமைமுறைக்கு எதிராகப் பேசியும் எழுதியும் வந்தவர்; சிறையும் சென்றவர். தன் தாய்க்கு நடந்ததை 1824இல் புத்தகமாக வெளியிட்டார். இவர் எங்கள் தந்தையின் மகனே அல்ல என்று பத்திரிகையில் மறுத்து எழுதியவர் ஆண்ட்ரூ. செல்கர்க்கின் மனைவி ஜீன், ராபர்ட்டுக்குத் தந்தை வழியில் சகோதரி. ஒரே தந்தையின் பிள்ளைகளில் சிலருக்குக் கம்பெனிப் பங்கு, ஒருவருக்குச் சிறை. பிறப்பைக் காரணம் காட்டிச் சொத்தை மறுக்கும் வித்தை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல.

பறையறிவித்த நாள்

காலனியின் ஆளுநராக நியமிக்கப்பட்ட மைல்ஸ் மக்டோனல் முதல் குழுவோடு 1811 ஜூலையில் கப்பலேறினார். ஹட்சன் விரிகுடாக் கரையில் குளிர்காலம் முழுவதும் முடங்கிக் கிடந்து, 1812 ஆகஸ்ட் இறுதியில் செவ்வாறும் அசினிபொய்ன் ஆறும் கூடுகிற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். செப்டம்பர் 4ஆம் தேதி சடங்கு நடந்தது. செல்கர்க்கின் பத்திரம் உரக்கப் படிக்கப்பட்டது. துப்பாக்கிகள் முழங்கின. நிலம் 'சொந்தமானது'. போட்டிக் கம்பெனிக்காரர்களும் மேத்தி மக்களும் பூர்வகுடியினரும் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர்களாக மட்டும். நம் ஊர்களில் தண்டோரா போட்டபோது சேரியிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றோமே, அதுபோல.

உழவுக் காலனி என்று பெயர். ஆனால் வந்தவர்களிடம் ஏர் இல்லை. மண்வெட்டியாலும் களைக்கொத்தாலும் கொத்தி, பல்லாண்டுப் புல்வேர் இறுகிய மண்ணில் கோதுமை விதைத்தார்கள். முதல் விளைச்சல் பொய்த்தது. குளிர்காலத்தில் அவர்கள் தெற்கே பெம்பினாவுக்குப் போனார்கள். காட்டெருமைக் கூட்டங்கள் அங்கேதான் இருந்தன. ஒஜிப்வே மக்களும் மேத்தி வேட்டைக்காரர்களும் வழி காட்டினார்கள், இறைச்சி கொடுத்தார்கள். பெக்விஸ் என்ற ஒஜிப்வே தலைவர் இந்த உதவியில் முன்னால் நின்றவர். நிலத்தின் சொந்தக்காரர் என்று பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு, பத்திரத்தில் பெயர் இல்லாதவர்கள் சோறு போட்டார்கள். காலனியின் முதல் ஆண்டுகளை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம்.

1813இல் ஸ்காட்லாந்தின் சதர்லாந்துப் பகுதியில் கில்டோனன் பள்ளத்தாக்கு மக்கள் ஆட்டுப் பண்ணைக்காக வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் எதிர்த்தார்கள். ராணுவம் வரவழைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் செல்கர்க்கிடம் இடம் கேட்க, ஏறத்தாழ நூறு பேரை அந்த ஆண்டு கப்பலில் ஏற்ற முடிந்தது. கப்பலில் விஷக்காய்ச்சல் பரவியது. பலர் இறந்தார்கள். போக வேண்டிய துறைக்குப் போகாமல் வடக்கே சர்ச்சில் கரையில் இறக்கிவிடப்பட்டார்கள். 1814 ஏப்ரலில் அவர்களில் இளையவர்கள் பனிக்காலணி கட்டிக்கொண்டு, உறைந்த கரையோரமாக நூறு மைலுக்கும் மேல் நடந்து யார்க் ஃபாக்டரி கோட்டையை அடைந்தார்கள். ஜூன் மாதம் செவ்வாற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த நடையை நினைத்தால் நமக்கு மனம் கனக்கிறது. குடிசை இடிக்கப்பட்டவர்களின் நடை நமக்குப் புதிதல்ல. அவர்களை நாம் எதிரிகளாகப் பார்க்கவில்லை. ஆனால் அவர்களை நடக்கவைத்த கை எது, அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று கேட்கிறோம்.

உணவுக்குத் தடை

1814 ஜனவரி 8ஆம் தேதி ஆளுநர் மக்டோனல் ஓர் ஆணை பிறப்பித்தார். காலனியின் எல்லைக்குள்ளிருந்து பெமிக்கனோ வேறு உணவுப் பொருளோ ஓராண்டுக்கு வெளியே போகக் கூடாது. புதிதாக வருகிற குடியேறிகளுக்கு உணவு வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த ஆண்டே குதிரைமேல் ஏறிக் காட்டெருமையை விரட்டி வேட்டையாடுவதற்கும் தடை வந்தது. காட்டெருமைக் கூட்டம் தொலைவுக்குப் போய்விடுகிறது என்றார்கள். குதிரை வேட்டை மேத்தி மக்களின் தொழில். அவர்கள் இடித்துச் செய்த உணவை யாருக்கு விற்கலாம், எப்படி வேட்டையாடலாம் என்பதை, அவர்கள் கையால் தின்று பிழைத்த ஆளுநர் தீர்மானித்தார். நார்த் வெஸ்ட் கம்பெனியின் மூட்டைகள் நூற்றுக்கணக்கில் பறிமுதல் செய்யப்பட்டன.

பிறகு நடந்தது சண்டை. 1815இல் நார்த் வெஸ்ட் கம்பெனியினர் குடியேறிகளில் பெரும்பகுதியினரை ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் கிழக்கே அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. காலனி கலைந்தது. சில வாரங்களில் மீண்டும் கூடியது. 1816 ஜூன் 19ஆம் தேதி ஏழு ஓக் மரங்கள் என்ற இடத்தில் கத்பர்ட் கிராண்ட் தலைமையில் பெமிக்கன் கொண்டுபோன மேத்தி குதிரைவீரர்களைப் புதிய ஆளுநர் ராபர்ட் செம்பிள் தன் ஆட்களோடு போய் மறித்தார். சுட்டுக்கொண்டார்கள். செம்பிளும் அவர் தரப்பில் இருபது பேரும் மாண்டார்கள். மேத்தி தரப்பில் ஒருவர் மாண்டார். மாண்டவர்களை எடுத்து அடக்கம் செய்ய உதவியவர் பெக்விஸ். இதை விசாரிக்க அனுப்பப்பட்ட ஆணையர் கோல்ட்மன், முதல் குண்டு செம்பிள் தரப்பிலிருந்துதான் வந்தது என்பது ஏறக்குறைய உறுதி என்ற முடிவுக்கு வந்தார். இருந்தும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வரலாற்று நூல்கள் அதைப் 'படுகொலை' என்றே எழுதின. மேத்தி மக்களோ அந்த நாளைத் தாம் ஒரு மக்களாக எழுந்த நாளாகப் பாட்டில் வைத்துக்கொண்டார்கள். எந்தச் சாவைக் கலவரம் என்பது, எதைப் படுகொலை என்பது, யார் அதைத் தீர்மானிப்பது என்பது கீழ்வெண்மணிக்குப் பின் நமக்குத் தெரிந்த கேள்விதான்.

காலனியை மீட்கச் செல்கர்க் கூலிக்கு அமர்த்தியவர்கள் கலைக்கப்பட்ட 'டி மெயுரான்' படைப்பிரிவின் சிப்பாய்கள். அந்தப் படைப்பிரிவு 1795இல் இலங்கையில் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டது. கனடாவுக்கு வந்தபோது அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் புதிதாகச் சேர்ந்தவர்கள். ஆனால் படையின் வேலை மாறவில்லை.

விலங்கின் உருவம், புகையிலையின் விலை

1817 ஜூலை 18ஆம் தேதி செல்கர்க் நேரில் வந்து ஓர் ஒப்பந்தம் செய்தார். நிலம் எழுதிக்கொடுக்கப்பட்டு ஆறு ஆண்டுகள் கழித்து, நிலத்தில் வாழ்ந்தவர்கள் முதன்முறையாகக் கேட்கப்பட்டார்கள். ஒஜிப்வே, கிரீ தலைவர்கள் ஐவர் தங்கள் குலச்சின்னமான விலங்கு உருவங்களை வரைந்து ஒப்பமிட்டார்கள். ஆற்றின் இரு கரையிலும் இரண்டு மைல் அகலம், கோட்டைகளைச் சுற்றி ஆறு மைல். ஈடாக ஒவ்வொரு மக்களுக்கும் ஆண்டுதோறும் 100 பவுண்டு எடையுள்ள புகையிலை.

இந்தப் பத்திரத்தில் இல்லாதவர்களைப் பாருங்கள். காலனிப் பகுதிக்கு அசினிபொயா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு உரிய அசினிபொய்ன் மக்கள் அதில் கையெழுத்திடவில்லை. மேத்தி மக்களும் இல்லை. பெண் ஒருவரும் இல்லை. கையெழுத்திட்ட பெக்விஸ்கூடத் தன் முதிய வயதில், அன்று நாங்கள் நிலத்தை விற்றுவிடவில்லை என்று வெளிப்படையாக எழுத்தில் தெரிவித்தார். ஆண்டுதோறும் தருகிற பொருளைப் பயன்பாட்டுக்கான வாடகையாக ஒரு தரப்பு புரிந்துகொண்டது. கிரய விலையாக மறுதரப்பு எடுத்துக்கொண்டது.

செல்கர்க் 1820இல் பிரான்சில் இறந்தார். 1821இல் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாயின. வெட்டுக்கிளியும் வெள்ளமும் தாண்டிக் காலனி நிலைத்தது. விதைக்கோதுமை முழுவதும் அழிந்தபோது, 1820இல் மிசிசிப்பி ஆற்றங்கரை வரை ஆள் போய் விதை வாங்கி வந்தார்கள். உழைத்தவர்களின் பிடிவாதத்தை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் முடிவைப் பாருங்கள். 1869இல் கம்பெனி தன் 'நிலம்' முழுவதையும் கனடா அரசுக்கு மாற்றிக்கொடுக்க ஒப்புக்கொண்டது. பெற்ற தொகை 3,00,000 பவுண்டு. வளமான நிலத்தில் இருபதில் ஒரு பங்கும் கம்பெனிக்கே. மேத்தி மக்கள் லூயி ரியல் தலைமையில் எழுந்தார்கள். அதன் பயனாக வந்த 1870ஆம் ஆண்டு மானிடோபா சட்டம், மேத்தி பிள்ளைகளுக்கு 14 லட்சம் ஏக்கர் நிலம் என்று எழுதியது. பங்கீடு ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. அதற்குள் நில வணிகர்கள் உரிமைகளை அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். பலர் மேற்கே பெயர்ந்து போனார்கள். ரியல் 1885இல் தூக்கிலிடப்பட்டார். 2013இல் கனடா உச்ச நீதிமன்றம், அந்த நிலப் பங்கீட்டில் அரசு தன் கண்ணியத்துக்கு உரிய முறையில் நடக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. 143 ஆண்டுகள் கழித்து.

பெக்விஸின் மக்கள் ஆற்றங்கரையில் பயிர் செய்து வாழ்ந்தார்கள். 1907இல் ஒரு முறைகேடான 'ஒப்படைப்பு' வாக்கெடுப்பின் மூலம் அந்த நிலம் பறிக்கப்பட்டது. அவர்கள் வடக்கே, அடிக்கடி வெள்ளம் புகும் தாழ்ந்த பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். பசித்து வந்த குடியேறிகளுக்கு உணவிட்ட தலைவரின் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது இதுதான்.

நாம் எடுத்துச்செல்ல வேண்டியது

14 லட்சம் ஏக்கர் என்றதும் நமக்கு 12 லட்சம் ஏக்கர் நினைவுக்கு வருகிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கைக்குப் பின், 1892இல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்க வழிசெய்யப்பட்ட பஞ்சமி நிலத்துக்குச் சொல்லப்படும் அளவு அது. அங்கும் இங்கும் சட்டம் நல்ல வார்த்தைகளில்தான் எழுதப்பட்டது. நிலம்தான் கை மாறியது. காரணை நிலத்துக்காக 1994இல் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்த ஜான் தாமஸையும் ஏழுமலையையும் நாம் மறக்கவில்லை. இரண்டு வரலாறுகளும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் இழந்தது தம் முன்னோரின் நிலத்தை. நமக்கோ, தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தில் உரிமையே எழுதப்படவில்லை. ஆனால் ஆவணத்தின் நடத்தை ஒன்றாக இருக்கிறது.

இந்த உரை யார் நினைவாக நடக்கிறதோ, அந்தத் தோழர் வட்டாட்சியர் அலுவலகப் படிக்கட்டுகளில் தன் வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். ஒரு பத்திரத்தில் இருக்கிற கையெழுத்துகளைப் படித்தால் மட்டும் போதாது, இருந்திருக்க வேண்டிய கையெழுத்துகளையும் தேட வேண்டும் என்பதை அவரிடம் கற்றோம். 1670, 1811, 1817, 1869 என்று நான்கு ஆவணங்களை அந்தக் கண்ணோடுதான் இன்று படித்தோம். நான்கிலும் பெமிக்கன் இடித்த பெண்ணின் பெயர் இல்லை.

நிலம் கேட்பது நம் உரிமை. அதில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் அதிகாரம் நமக்கு நிலம் தருகிறேன் என்று வரும்போது, அந்த நிலத்தில் ஏற்கெனவே இருப்பவர் யார் என்று நாம் கேட்க வேண்டும். பழங்குடி மக்களாக இருக்கலாம், மேய்ச்சல்காரராக இருக்கலாம், நம்மைவிடக் குறைவான குரல் கொண்ட இன்னொருவராக இருக்கலாம். கில்டோனன் மக்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலை வாய்க்கவில்லை. பசியோடும் காய்ச்சலோடும் கப்பலில் வந்தவர்கள் அவர்கள். நமக்கு அமைப்பு இருக்கிறது, படிப்பு இருக்கிறது, அம்பேத்கர் தந்த அரசியல் இருக்கிறது. நாம் கேட்க முடியும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் கிராமத்து 'அ' பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். பஞ்சமி என்று குறிக்கப்பட்ட புல எண்கள் இருக்கின்றனவா, இன்று அவை யார் பெயரில் இருக்கின்றன என்று எழுதி வாருங்கள். பிறகு காலனியிலேயே மூத்த பாட்டி ஒருவரிடம் போய் உட்காருங்கள். அந்த நிலத்தில் யார் நாற்று நட்டார்கள் என்று கேட்டு அதையும் எழுதி வாருங்கள். காலனி என்ற சொல் பதிவேட்டிலிருந்து போகட்டும். பாட்டி சொல்லும் பெயர்கள் அங்கே ஏற வேண்டும்.

ஜெய் பீம்.